நங்கூரமிட்ட போர்க்கப்பல்கள்: பழைய நீர்வண்ண ஓவியத்தைப் படிக்கும் முறை

ஏலக் கூடங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் இப்படியொரு ஓவியம் அடிக்கடி கண்ணில் படும். சாம்பல் வானம், சாம்பல் கடல், நடுவே வரிசைகட்டி நிற்கும் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள். கீழே மவுண்ட் அட்டையில் யாரோ பென்சிலால் எழுதியிருப்பார்கள்: ஸ்கேப்பா ஃப்ளோ, கிராண்ட் ஃப்ளீட், 1916. வாங்க வந்தவர் அந்த வரியைப் படிப்பார், படத்தை ஒரு பார்வை பார்ப்பார், விலையைக் கேட்பார்.

வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் அந்தப் பென்சில் வரியை ஒரு துண்டுக் காகிதத்தால் மூடிவிடுவது நல்லது. அது ஃபிரேம் போட்டவர் எழுதியதாக இருக்கலாம்; தாத்தா சொன்னதைப் பேரன் நினைவிலிருந்து எழுதியதாகவும் இருக்கலாம். கப்பலின் உருவம் அப்படியல்ல. முதல் உலகப் போரிலும் இரண்டாம் உலகப் போரிலும் போர்க்கப்பல்கள் ஓராண்டு இருந்தபடி அடுத்த ஆண்டு இருந்ததில்லை. எந்த ஆண்டு எதைக் கழற்றினார்கள், எதைப் பொருத்தினார்கள் என்பதற்குப் புகைப்படங்களும் கடற்படை ஆவணங்களும் உண்டு. ஓவியர் நேரில் பார்த்து வரைந்திருந்தால் படமே ஆண்டைச் சொல்லிவிடும். பழைய அஞ்சலட்டையைப் பார்த்து வரைந்திருந்தால் அதுவும் மறையாது.

கப்பலில் தொடங்குதல்

எண்ண வேண்டியவை மூன்று: புகைபோக்கிகள், பீரங்கிக் கோபுரங்கள், கொடிமரங்கள். மங்கலாக வரைந்த படத்தில்கூட இந்த மூன்றும் நிழலுருவமாகத் தெரியும்.

பிரிட்டனின் குயின் எலிசபெத் வகைக் கப்பல்கள் ஐந்தை எடுத்துக்கொள்ளலாம்: குயின் எலிசபெத், வார்ஸ்பைட், வேலியன்ட், பார்ஹம், மலாயா. ஒவ்வொன்றிலும் நான்கு கோபுரங்களில் எட்டு 15 அங்குலப் பீரங்கிகள். முதல் உலகப் போரில் இவை இரண்டு புகைபோக்கிகளோடு இருந்தன. 1924இல் வார்ஸ்பைட்டில் தொடங்கி 1930களின் தொடக்கம் வரை, ஒவ்வொன்றாகப் பட்டறைக்குப் போய் இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பிறகு வார்ஸ்பைட், வேலியன்ட், குயின் எலிசபெத் ஆகிய மூன்று மட்டும் மீண்டும் அடியோடு மாற்றிக் கட்டப்பட்டன. முன்புறம் இருந்த முக்காலிக் கொடிமரமும் திறந்த தளங்களும் போய், கட்டடம் போன்ற பருத்த மேற்கட்டு வந்தது. பார்ஹமும் மலாயாவும் அந்தப் பெரிய மாற்றத்தைக் காணவில்லை. ஆகவே ‘வார்ஸ்பைட், 1941’ என்று எழுதிய படத்தில் இரண்டு புகைபோக்கிகள் இருந்தால், ஒன்று பெயர் தவறு, இல்லையென்றால் ஆண்டு தவறு.

பெயர் பெற்ற கப்பலுக்கு விலை கூடும் என்பதால் ‘ஹூட்’ என்ற பெயரைக் கண்டால் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்படலாம். அது 1918இல் நீரில் இறக்கப்பட்டு 1920இல்தான் பணிக்கு வந்தது. 1941 மே 24 அன்று மூழ்கியது. முதல் உலகப் போரின் எந்த நங்கூரத் தளத்திலும் அது நின்றதில்லை.

சில கப்பல்கள் பார்த்தவுடன் பிடிபடும். ‘அஜின்கோர்ட்’ அப்படி ஒன்று. பிரேசில் கட்டச் சொல்லி, ஒட்டோமான் அரசு விலைக்கு வாங்கி, 1914 ஆகஸ்டில் பிரிட்டன் கைப்பற்றிக்கொண்ட கப்பல் அது. ஏழு கோபுரங்கள், பதினான்கு பீரங்கிகள். ஞாயிறு முதல் சனி வரை கிழமைப் பெயர்களையே மாலுமிகள் அந்தக் கோபுரங்களுக்கு வைத்திருந்தார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனின் முதன்மைக் கடற்படையாக இருந்த கிராண்ட் ஃப்ளீட்டின் வரிசையில் முன்னிருந்து பின்வரை கோபுரமாகவே தெரியும் கப்பல் எதுவென்று தேட வேண்டியதில்லை. நெல்சன், ராட்னி இரண்டும் எதிர்த்திசை: மூன்று கோபுரங்களும் முன்புறத்திலேயே. இவை பணிக்கு வந்தது 1927இல். அவற்றில் ஒன்று தொலைவில் ஒரு தீற்றலாகத் தெரிந்தாலும் அந்தப் படம் 1927க்கு முந்தையதாக இருக்க முடியாது.

அமெரிக்கக் கப்பல்கள் கலந்திருந்தால் இன்னும் எளிது. 1917 டிசம்பரில் நியூயார்க், வயோமிங், ஃபுளோரிடா, டெலாவேர் ஆகிய நான்கும் கிராண்ட் ஃப்ளீட்டோடு சேர்ந்தன. அவற்றின் கொடிமரங்கள் எஃகுக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியவை. மூங்கில் கூடையை உயரமாக நிமிர்த்தி வைத்த தோற்றம். பிரிட்டிஷ் முக்காலிகளுக்கு நடுவே இந்தப் பின்னல் கொடிமரங்கள் தெரிகிற போர்க்காலப் படத்துக்கு ஓராண்டு இடைவெளிதான் உண்டு: 1917 டிசம்பர் முதல் 1918 இறுதி வரை.

சிறிய அடையாளங்கள்

பெரிய உருவம் ஆண்டுக் கணக்கில் சொல்லும். மாதக் கணக்குக்கு இறங்க லென்ஸ் வேண்டும்.

போருக்கு முன் பிரிட்டிஷ் கப்பல்களின் புகைபோக்கிகளில் அடையாளப் பட்டைகள் தீட்டப்பட்டிருந்தன. 1914இல் போர் தொடங்கியதும் சாம்பல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். டார்பிடோ தடுப்பு வலைகளைத் தாங்கும் சாய்வுக் கம்பங்கள் கப்பலின் பக்கவாட்டில் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். பிரிட்டிஷ், ஜெர்மானியக் கடற்படைகள் மோதிய ஜட்லாந்து போர் 1916 மே 31, ஜூன் 1 தேதிகளில் நடந்தது. அதற்குப் பிறகு பெருங்கப்பல்களில் அந்த வலையமைப்பைப் பார்ப்பது அரிது. அதே போருக்குப் பிறகு வந்தவை வேறு: கொடிமரத்தில் பெரிய கடிகார முகம் போன்ற வட்டப் பலகை, கோபுரங்களின் பக்கத்தில் கோணம் காட்டும் அளவுகோல். எவ்வளவு தூரத்துக்கு, எந்தத் திசையில் சுடுகிறோம் என்று பக்கத்துக் கப்பலுக்குக் காட்டுவதற்காக வைத்தவை. 1917 அக்டோபரில் ‘ரிபல்ஸ்’ கப்பலின் கோபுரத்து மேலிருந்தே ஒரு விமானம் பறந்தது. அடுத்த ஆண்டுக்குள் பல கப்பல்களின் கோபுரங்கள் மேல் பலகை மேடைகள் வந்துவிட்டன. கோபுரத்தின் மேல் சிறு விமானம் குந்தியிருந்தால் ஓவியரின் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம்.

இப்போது ஒரு பொறி. படத்தில் ‘1918’ என்று ஓவியரே எழுதியிருக்கிறார். கப்பலிலோ புகைபோக்கிப் பட்டையும் வலைக் கம்பமும் இருக்கின்றன. போலி என்று முடிவுகட்டத் தேவையில்லை. போர்க்காலத்தில் கடற்படைத் தளங்களை அனுமதியில்லாமல் வரைவது பிரிட்டனில் சட்டப்படி குற்றம். ஊரில் இருந்த ஓவியர்கள் போருக்கு முன் அச்சான அஞ்சலட்டைகளைப் பார்த்து வரைந்து விற்றார்கள். ஆண்டு உண்மைதான், கப்பல்தான் பழையது. இத்தகைய படத்துக்கு அலங்கார மதிப்பு உண்டு. நேர்சாட்சி ஓவியத்துக்குரிய விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

கண்ணைக் குழப்பும் கோணல் பட்டைகள் தீட்டிய போர்க்கப்பலும் இப்படித்தான் சந்தேகத்துக்குரியது. 1917இல் அந்த ‘டாஸில்’ முறையை முன்வைத்த நார்மன் வில்கின்சனே ஒரு கடல் ஓவியர். ஆனால் அவர் திட்டம் பெரும்பாலும் வணிகக் கப்பல்களுக்கானது. பெரும் போர்க்கப்பல்களில் ரிவெஞ்ச், ராமிலீஸ் போன்ற மிகச் சிலவே அந்தக் கோலத்தில் நின்றன. வரிசை முழுவதும் வண்ணக் கோணங்களாக இருந்தால் ஓவியர் சுவைக்காகச் சேர்த்தது என்றே கொள்ளலாம்.

காற்றும் நீரோட்டமும் கொடியும்

நங்கூரமிட்ட கப்பல் சும்மா நிற்பதில்லை; சங்கிலியைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருக்கும். காற்று வலுவாக இருந்தால் கப்பலின் முன்முனையான அணியம் காற்றைப் பார்க்கும். நீரோட்டம் வலுவாக இருந்தால் அணியம் ஓட்டத்தை எதிர்க்கும். ஒரே அளவுள்ள கப்பல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் முகம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டின் எந்த மீன்பிடித் துறையிலும் காலையில் நின்று பார்த்தால் இது விளங்கும்.

புகையையும் கொடியையும் இதோடு ஒப்பிட வேண்டும். காற்றை எதிர்த்து நிற்கும் கப்பலின் புகை பின்புறமாகவே போகும், கொடியும் அப்படியே. புகை ஒரு பக்கமும் கொடி மறுபக்கமும் பறந்தால் ஓவியர் கடற்கரையில் அதிகம் நின்றவர் அல்லர். கப்பல்கள் நீரோட்டத்துக்குத் திரும்பி, புகை மட்டும் குறுக்கே போனால் அது பிழையல்ல. ஓதம் மாறும் நேரத்தைக் கவனித்து வரைந்தவர் என்று அர்த்தம். இப்படிப்பட்ட நுணுக்கம் தெரியும் படத்தைப் பார்க்கும்போது கை கொஞ்சம் தாராளமாகப் பையைத் திறக்கலாம்.

புகையின் கருமையும் பேசும். குயின் எலிசபெத் வகை எண்ணெயில் ஓடியது. கிராண்ட் ஃப்ளீட் தலைவர் ஜெல்லிகோவின் கொடிக்கப்பலான ‘அயர்ன் ட்யூக்’ முதலிய பழைய கப்பல்கள் நிலக்கரியில். நங்கூரத்தில் நின்றாலும் சில கொதிகலன்கள் எரிந்துகொண்டிருக்கும்; நிலக்கரிக் கப்பலின் புகையே கூடுதல் கறுப்பாகத் தெரியும்.

கொடி விஷயத்தில் மூன்று செய்திகள் போதும். துறைமுகத்தில் நிற்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அணியத்தில் யூனியன் கொடி சிறிதாகப் பறக்கும். பின்புறக் கம்பத்தில் வெள்ளைக் கொடி, அதில் சிவப்புச் சிலுவை. கப்பல் நகரத் தொடங்கினால் முன்கொடி இறங்கிவிடும். இரண்டாவது, கொடிமரத்து உச்சியில் பறக்கும் அட்மிரல் கொடி: வெள்ளையில் சிவப்புச் சிலுவை மட்டும் இருந்தால் முழு அட்மிரல், மூலையில் ஒரு சிவப்பு வட்டம் இருந்தால் வைஸ் அட்மிரல், இரண்டு இருந்தால் ரியர் அட்மிரல். வரிசையில் கொடிக்கப்பல் எது என்று அறிய இது நேர்வழி. மூன்றாவது, துறைமுகத்தில் முன்கொடியும் பின்கொடியும் சூரியன் மறையும்போது இறக்கப்படும். இரவுக் காட்சியில் அவை பறந்தால் கேள்வி கேட்கலாம்.

கொடி ஒன்றே தேதியைச் சொல்லிவிடும் இடமும் இருக்கிறது. போர் முடிந்து 1918 நவம்பர் 21 அன்று ஜெர்மானியக் கடற்படை ஸ்காட்லாந்தின் ஃபோர்த் முகத்துவாரத்தில் சரணடைய வந்தது. அன்று சூரியன் மறையும்போது ஜெர்மானியக் கொடியை இறக்க வேண்டும், அனுமதியின்றி மீண்டும் ஏற்றக் கூடாது என்று கிராண்ட் ஃப்ளீட்டின் அப்போதைய தலைவர் அட்மிரல் பீட்டி ஆணையிட்டார். பிறகு 74 கப்பல்கள் ஸ்கேப்பா ஃப்ளோவில் அடைத்து வைக்கப்பட்டன. ஏழு மாதம் கொடியில்லாமல் துருவேறி நின்றன. 1919 ஜூன் 21 அன்று பிரிட்டிஷ் படைப்பிரிவு பயிற்சிக்காக வெளியே போயிருந்த நேரத்தில், ஜெர்மானிய மாலுமிகள் அடித்தட்டு வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். 52 கப்பல்கள் மூழ்கின. மூழ்கும்போது கொடியை மறுபடி ஏற்றினார்கள். ஆகவே ஸ்கேப்பா ஃப்ளோவில் ஜெர்மானியக் கொடியோடு ஜெர்மானியப் போர்க்கப்பல் என்றால், அந்த ஒரு நாளைத்தான் தேட வேண்டும்.

அந்த நாளில் அங்கே ஓர் ஓவியரும் இருந்தார். பெர்னார்ட் கிரிபிள் என்ற கடல் ஓவியர் ஒரு ரோந்துப் படகிலிருந்து அந்தக் கப்பல்களை வரைந்துகொண்டிருந்தார். மாலுமிகள் மூட்டை முடிச்சுகளைப் படகில் எறிவதைக் கண்டு ஏதோ நடக்கிறது என்று முதலில் கவனித்தவர்களில் அவர் ஒருவர்.

கரை எந்த ஊர்?

கப்பலுக்குப் பின்னால் ஒரு தூரிகை வீச்சில் முடித்த மலைகளை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். ஸ்கேப்பா ஃப்ளோ ஓர்க்னி தீவுகளுக்கு நடுவே அடைபட்ட கடல். கரைகள் தாழ்ந்தவை, மரமற்றவை. மேற்கே ஹோய் தீவின் உருண்ட மலைகள் மட்டும் ஏறத்தாழ 480 மீட்டர் வரை எழும். கரையில் அடர்ந்த தோப்பு வரைந்திருந்தால் அது ஸ்கேப்பா அல்ல. பின்னணியில் மூன்று பெரும் இரும்புக் கூடுகளாக ரயில் பாலம் தெரிந்தால் அது 1890இல் முடிந்த ஃபோர்த் பாலம்; இடம் ரொசைத் பக்கம். 1918 ஏப்ரலில் கிராண்ட் ஃப்ளீட்டின் முதன்மைத் தளம் அங்கேதான் மாறியது.

பலூன்கள் ஏமாற்றும். வானத்தில் பலூன் தெரிந்ததும் இரண்டாம் உலகப் போர் என்று சொல்லிவிடுவார்கள். முதல் போரிலும் கப்பல்கள் கண்காணிப்புப் பலூன்களைக் கட்டி இழுத்தன. ஒரு கப்பலின் மேல் ஒரு பலூன் என்றால் 1917, 1918 ஆக இருக்கலாம். தளம் முழுக்க மந்தையாக மிதந்தால் 1940க்குப் பிறகு.

தமிழ் வாசகருக்குப் பழக்கமான ஒரு கரையும் இந்த ஓவியங்களில் வரக்கூடும். 1944இல் பிரிட்டனின் கிழக்குக் கடற்படை திருகோணமலையில் நங்கூரமிட்டது. குயின் எலிசபெத், வேலியன்ட், ரினௌன், ஏப்ரல் முதல் பிரான்ஸின் ரிஷ்லியூ. அங்கிருந்து புறப்பட்ட படை 1944 ஏப்ரல் 19 அன்று சுமத்ராவை ஒட்டிய சபாங்கைத் தாக்கியது. ரிஷ்லியூவின் எட்டுப் பெரும் பீரங்கிகளும் நான்கு நான்காக இரண்டு கோபுரங்களில், இரண்டும் முன்புறத்தில். பின்பாதி மொட்டையாகத் தெரியும் அந்தக் கப்பலை வேறு எதோடும் குழப்ப முடியாது. 1944 ஆகஸ்ட் 8 அன்று திருகோணமலையின் மிதக்கும் கப்பல்துறை, வேலியன்ட் உள்ளே இருக்கும்போதே உடைந்து மூழ்கியது. வேலியன்ட் சேதமடைந்து, அதன் போர்ப்பணி அத்தோடு முடிந்தது. எனவே ரிஷ்லியூவும் வேலியன்டும் ஒன்றாக நிற்கும் திருகோணமலைப் படம் 1944 ஏப்ரலுக்கு முந்தியதாகவோ அந்த ஆண்டைத் தாண்டியதாகவோ இருக்க வழியில்லை. ஒளியையும் பார்க்கலாம். உள்துறைமுகத்தைச் சூழ்ந்தவை காடடர்ந்த குன்றுகள். உச்சிவெயில் நிழலைக் காலடியிலேயே போடும். தளங்களில் வெயில் மறைப்புத் துணி விரித்திருக்கும். ஓர்க்னியில் குளிர்காலப் பகல் ஆறு மணி நேரம்தான், சூரியன் தலைக்குமேல் வருவதே இல்லை.

கை யாருடையது?

போர்க்கப்பல் நீர்வண்ணத்தில் சில பெயர்கள் அடிக்கடி வரும். டபிள்யூ. எல். வைலி (1851–1931) இவர்களில் பெரியவர். போர்ட்ஸ்மத் துறைமுக வாயிலருகே வாழ்ந்தவர். நீர்வண்ணத்தில் கடலை வரைவது பற்றி 1901இல் ஒரு கையேடும் எழுதியவர். அவருடைய ஆயிரக்கணக்கான வரைவுகள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த டபிள்யூ. எம். பர்ச்சல் (1884–1941) சிறிய அளவுப் படங்களின் கீழ் மூலையில் கையெழுத்தோடு தலைப்பையும் ஆண்டையும் தானே எழுதும் வழக்கமுள்ளவர். ஆல்மா கிளாட் பர்ல்ட்டன் கல் (1880–1931) அந்திவெளிச்சத்தில் கப்பல்களை நிறுத்துவதில் விருப்பமுள்ளவர். ஃபிராங்க் வாட்சன் வுட் (1862–1953) கப்பலின் விவரங்களை மாலுமிகளுக்குப் பிடித்தபடி துல்லியமாக வரைந்தவர்.

இரண்டாம் உலகப் போரில் எரிக் ரவிலியஸ் முற்றிலும் வேறு கை. நீர் வழியும் வாஷ் என்ற நீர்த்த வண்ணப் பூச்சு அவரிடம் குறைவு. கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் கோடு கோடாக இழைத்து, காகிதத்தின் வெண்மையைப் பனிவெளிச்சமாக விட்டுவைப்பார். 1940இல் நார்வே கடலில் கடற்படையோடு பயணம் செய்து வரைந்தார். 1942 செப்டம்பரில் ஐஸ்லாந்து அருகே விமானத்தோடு காணாமல் போனார். மற்ற நால்வரின் படங்களும் கப்பலைப் பற்றியவை. ரவிலியஸின் படங்கள் ஒளியைப் பற்றியவை. இந்த வகையில் முதலிடம் அவருக்கே என்று சொல்லத் தோன்றுகிறது.

கையெழுத்தைவிட வேலைப்பாடு நம்பகமானது. நல்ல கடல் ஓவியர் தொலைவிலுள்ள கப்பல்களை வானத்தின் அதே சாம்பல் குடும்பத்திலிருந்து, ஒரே வாஷில், விவரமில்லாமல் முடித்துவிடுவார். கோபால்ட் நீலமும் செம்மண் சிவப்பும் கலந்த சாம்பல், அல்லது அல்ட்ராமரீனும் எரிந்த சியன்னாவும் கலந்தது. கறுப்புக் குழாயிலிருந்து நேராகப் பிதுக்கிய சாம்பல் உயிரற்றுத் தெரியும். முன்கப்பலின் நீர்மட்டக் கோட்டைக் கூர்மையாக வெட்டாமல் அங்கங்கே கரையவிடுவார். அலைமேல் மின்னும் வெள்ளைக்குக் காகிதத்தைக் கத்தி முனையால் சுரண்டியிருப்பார். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் சுரண்டிய இடம் சொரசொரப்பாகத் தெரியும். எல்லாக் கப்பலிலும் எல்லாக் கம்பியும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் புகைப்படத்தைப் பார்த்த கை.

காகிதமும் பின்பக்கமும்

முதலில், அது ஓவியம்தானா? பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் வண்ணம் ஒழுங்கான புள்ளிகளாகப் பிரிந்தால் அச்சு. நீர்வண்ணத்தில் நிறத்துகள் காகிதத்தின் பள்ளங்களில் தங்கியிருக்கும். வாஷ் உலர்ந்த ஓரத்தில் கோடு கறுத்திருக்கும்.

ஃபிரேமிலிருந்து எடுக்க முடிந்தால் காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கலாம். வாட்மன் காகிதங்களில் நீர்க்குறியோடு சில சமயம் ஆண்டும் இருக்கும். ஓவியம் அந்த ஆண்டுக்கு முன் வந்திருக்க முடியாது. பின்னால் எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச் இங்கேயும் உதவும். இருட்டறையில் காகிதம் பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி சேர்த்த காகிதம். 1950ஐ ஒட்டித்தான் அது பரவலானது. ஒளிராமல் இருப்பது மட்டும் பழமைக்குச் சான்றாகாது.

கடற்பறவைகளும் நுரையும் கறுத்துப் போயிருந்தால் ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தகத்தால் மாறியது. காகிதப் பாதுகாப்பு வல்லுநர் அதைச் சரிசெய்ய முடியும். வீட்டில் எதையும் தடவிப் பார்க்கக் கூடாது. வானத்தில் நீலமே இல்லாமல் இளஞ்சிவப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் இண்டிகோ வெளுத்திருக்கலாம். மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தைப் பார்த்தால் பழைய நிறம் தெரியும். அது மீளாது, விலையில் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். பழுப்புப் புள்ளிகள் ஈரத்தின் வேலை. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வெளிச்சுவரில் மாட்டினால் ஒரு மழைக்காலமே போதும். உட்சுவர், அமிலமில்லாத மவுண்ட் அட்டை, படத்தைத் தொடாத கண்ணாடி, ஜன்னல் வெயில் படாத இடம். அருங்காட்சியகங்கள் நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் அளவுக்குமேல் ஒளி தருவதில்லை.

புது ஃபிரேம் போடக் கொடுக்கும்போது பழைய பின்னட்டையைத் திருப்பித் தரும்படி கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் குப்பைக்குப் போய்விடும். ஃபிரேம் கடையின் சீட்டு, ஏல எண், தபால் உறை ஒட்டிய துண்டு, மாலுமியின் பெயர், எல்லாம் அதில்தான் இருக்கும். பிரிப்பதற்கு முன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, சீட்டுகளை அமிலமற்ற உறையில் போட்டு ஓவியத்தோடு வைத்துக்கொள்ளலாம். மூடிவைத்த அந்தப் பென்சில் வரியைத் திறந்து, கப்பல் சொன்னதோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளும் வேலை அதற்குப் பிறகு.